வேதமாணிக்கத்தின் புறா

நானும் நைனாவும் கடைசியாகச் சேர்ந்து செய்த வேலை, மாடியில் புறாக்கூண்டின் தரையைச் சுரண்டியது. அவர் கரண்டியால் எச்சத்தைப் பெயர்த்தார். நான் வாளியைப் பிடித்துக்கொண்டேன். வெள்ளிக்கிழமை காலை. துறைமுகத்துக்குப் போகும் லாரிகளின் ஹாரன் கேட்டுக்கொண்டிருந்தது.

என் தந்தை ஜெகதீசன், காசிமேட்டில் விசைப்படகு எஞ்சின் மெக்கானிக். ராயபுரத்தில் எங்கள் வீட்டு மாடியில் ஹோமர் வளர்த்தார். ஹோமர் பந்தயப் புறா. வண்டியில் ஏற்றி நெல்லூரைத் தாண்டி எங்கே கொண்டுபோய் விட்டாலும் தன் கூண்டுக்கே திரும்பிவிடும். அவருக்கு வேறு பழக்கம் கிடையாது. கோயிலுக்குக்கூட அம்மா இழுத்தால்தான் போவார்.

அன்று கூண்டில் ஒரு வெளிப் புறாவும் இருந்தது. காலில் வளையம். பெரம்பூரில் புறா வளர்க்கும் வேதமாணிக்கத்துடையது. பட்டத்தின் மாஞ்சா நூல் இறக்கையை அறுத்ததில் எங்கள் மாடியில் விழுந்திருந்தது. நைனா மஞ்சள் பற்றுப் போட்டுப் பார்த்துக்கொண்டார். காயம் ஆறிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை கொண்டுபோய்க் கொடுப்பதாக இருந்தார்.

அவருக்கு அது சின்ன விஷயம் இல்லை. சில வருடங்களுக்கு முன் வேதமாணிக்கத்தின் நல்ல புறா ஒன்று பந்தயத்திலிருந்து திரும்பவில்லை. கடைசியாக ராயபுரத்துக்கு மேலே பறந்ததாக யாரோ சொன்னார்கள். "ஜெகதீசன் கூண்டுல பூந்தது வெளில வராது" என்று வேதமாணிக்கம் டீக்கடையில் வைத்துச் சொல்லிவிட்டார். அந்தப் புறா எங்கள் மாடிக்கு வரவே இல்லை. நைனா சத்தியம் செய்தார். அதற்கு மேல் அவரிடம் சாட்சி இல்லை. வழிதவறி வந்ததைத் திருப்பித் தராதவன் என்ற பெயர் புறாக்காரர்களிடையே ஒட்டினால் ஒட்டியதுதான். அதன்பிறகு நைனா தன் புறாக்களைப் பந்தயத்துக்கு விடவில்லை. டீக்கடை முதஸ்ஸிர் அவருடைய தோஸ்து. அவர் மட்டும் விடாமல் கேட்பார்: "இன்னா மாமு, பெரம்பூர் புறா ருசியா இருந்துச்சா?" நைனா காசை வைத்துவிட்டு எழுந்துவிடுவார்.

"போன் பண்ணி அவரையே வரச் சொல்லலாமே" என்றேன்.

"வருவான். எட்த்துக்கினு போவான். அது நான் குடுத்ததா ஆவாது. அவன் வூட்டாண்ட போயி கைல வெக்கணும்."

"இல்லன்னா பறக்க வுடு. அதுவே போய்டும்."

"அதுவா போனா தப்பிச்சி வந்துட்சின்னு சொல்லுவான், கய்தே. சும்மா வாளியப் புடி."

எனக்கு ஆண்டெனாக்களின் இரைச்சலை அளக்கும் வேலை. வாளியைப் பார்த்ததும் ஒன்று ஞாபகம் வந்தது.

"நைனா, இதே வேலைய அமெரிக்காவுல ரெண்டு விஞ்ஞானிங்க செஞ்சிருக்காங்க."

"புறா வளத்தானுங்களா?"

"இல்ல. கொம்பு மாதிரி பெரிய ஆண்டெனா. அதுக்குள்ள ஒரு ஜோடி புறா கூடு கட்டிடுச்சு. ஆண்டெனால ஓயாம ஒரு இரைச்சல். எந்தப் பக்கம் திருப்பினாலும் அதே இரைச்சல். எச்சத்தாலதான்னு நெனச்சு சுரண்டினாங்க. புறாவப் புடிச்சு பொட்டில போட்டு வேற ஊருக்கு அனுப்பினாங்க. திரும்பி வந்துடுச்சு."

"வராம?" நைனாவுக்கு ஒரே சந்தோஷம். "ஹோமர்னா சும்மாவா? அப்பால?"

"சுட்டுட்டாங்க."

கரண்டி நின்றது.

"சத்தம் நின்னுச்சா?"

"நிக்கல."

அந்த இரைச்சல் எது என்று சொன்னேன். அண்டம் ஒரு காலத்தில் நெருக்கமாகக் கொதித்துக்கொண்டிருந்தது. விரிந்தது, ஆறியது. ஏறக்குறைய நான்கு லட்சம் வருடம் ஆனபோது வெளிச்சம் முதல்முறையாகத் தடையில்லாமல் கிளம்பியது. அது வந்துகொண்டிருக்கும்போதே வெளி விரிந்துகொண்டே இருந்ததால் அலை நீண்டு, சூடு போய், ரேடியோ இரைச்சலாகிவிட்டது. இன்றும் எல்லாத் திசையிலிருந்தும் அநேகமாக ஒரே அளவில் வருகிறது. அண்டத்துக்கு அப்படி ஒரு சூடான ஆரம்பம் இருந்தது என்பதற்கு அதுதான் பெரிய சாட்சி.

நைனா யோசித்தார். "அது வர வர ரோடும் நீண்டுகினே போவுது."

"ஆமா."

"அப்பவும் வந்துட்சி. பாவம், எளச்சிப் பூட்டிருக்கும்."

"ரொம்ப எளச்சுதான் வந்துச்சு."

"அவனுங்களுக்கு பரிசு கிரிசு குடுத்தாங்களா?"

"நோபல் பரிசு."

"அப்பவாச்சும் சொன்னானுங்களா, புறா மேல தப்பு இல்லன்னு?"

"தெரியல நைனா."

"சொல்லிருக்கணும் வினி" என்றார். மறுபடி சுரண்ட ஆரம்பித்தார்.

மறுநாள் காலை ஒரு படகின் எஞ்சின் அறைக்குள் இறங்கிய நைனாவை மேலே தூக்கித்தான் கொண்டுவந்தார்கள். மாரடைப்பு. ஞாயிற்றுக்கிழமை மூலக்கொத்தளத்தில் புதைத்தோம். அன்றுதான் பெரம்பூர் போவதாக இருந்தது.

வேதமாணிக்கம் வந்தார். மாலையைப் போட்டுவிட்டு ஓரமாக நின்றார். போகும்போது என்னிடம் வந்து, "தகிரியமா இரும்மா" என்றார். அவருடைய புறா எங்கள் மாடியில் இருந்தது. அது அவருக்குத் தெரியாது. தலையாட்டினேன்.

நான் வேலைக்குப் போகிறேன். அளவுகள் சரியாக வருகின்றன. வீட்டில் புறாக்களின் சத்தம் கேட்டால் அம்மா எழுந்து ஜன்னலைச் சாத்துகிறாள். எங்கள் புறாக்களை எங்காவது கொடுத்துவிடச் சொன்னாள். முதஸ்ஸிர் கூடையில் எடுத்துக்கொண்டு வள்ளூரில் மச்சான் வீட்டுக்குப் போனார். அவருக்கு டீ தெரியும், புறா தெரியாது. போனதும் மாடியில் கூடையைத் திறந்துவிட்டார். திரும்பும் வழியில் போன் செய்தார்.

"வினிம்மா, நான் இன்னும் பஸ்லதான் கீறேன். அதுங்க வந்துட்சா?"

"வந்துடுச்சு மாமா."

"எல்லாமா?"

"எல்லாம்."

போனை வைத்துவிட்டார்.

அம்மா விடவில்லை. "அந்தப் பெரம்பூர் புறாவயாச்சும் தொறந்து வுடேன். அதுவா போய்டும்ல?" நைனா சொன்னதைச் சொன்னேன். அதன்பிறகு அவள் கேட்கவில்லை.

அது இங்கே இருக்கும் ஒவ்வொரு நாளும் வேதமாணிக்கம் டீக்கடையில் சொன்னது உண்மையாகிக்கொண்டிருக்கிறது. தெரிகிறது. தெரிந்தும் காலையில் தீனி போட்டுவிட்டுக் கீழே இறங்கிவிடுகிறேன்.

கூண்டுக்குப் பக்கத்தில் ஃபேன் வந்த அட்டைப்பெட்டி இருக்கிறது. பெரம்பூருக்காக நைனா எடுத்துவைத்தது. காற்றுக்காக ஸ்க்ரூடிரைவரால் மூன்று பக்கம் துளை போட்டிருக்கிறார். நாலாவது பக்கத்தில் பென்சில் புள்ளிகள் மட்டும் இருக்கின்றன. அதைக் குத்த வேண்டும். பிறகு பெரம்பூர் போய், வேதமாணிக்கத்தின் கையில் வைக்க வேண்டும்.