டிபன் பாக்ஸில் போன டிஸ்க்

அந்தச் சதுர எவர்சில்வர் டிபன் பாக்ஸின் மூடியில் சின்னதாக ஒரு சிலுவை கீறியிருக்கும். எங்கள் லேபில் மதியம் ஒரே மேஜையில் எல்லாருடைய பாக்ஸும் கிடக்கும் என்பதால் அடையாளத்துக்குக் கீறியது. முதலில் அதில் சாப்பாடுதான் வந்தது. பிறகு அதற்குள் ஒரு பழைய பூத்துண்டும், துண்டில் சுற்றிய ஹார்ட் டிஸ்க்கும் மட்டும்தான். அதை வைத்திருந்தவரை நாங்கள் சிஸ்டம் மேடம் என்போம். பாக்ஸ் இத்தனை வருஷம் என் வீட்டு அலமாரியில் இருந்தது. அது என்னுடையது அல்ல, நான் கேட்டு வாங்கியதும் அல்ல.

மயிலாப்பூரில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வரவேற்பு மேஜை என் பொறுப்பு. நான் சேர்ந்த காலத்தில் நோயாளிகளின் ரிப்போர்ட் முழுக்கத் தரைத்தளத்து அறையில் இருந்த ஒரே சர்வரில் கிடந்தது. அடையாறு கிளையில் ஒருவர் போன மாத ரிப்போர்ட் கேட்டால் எங்களுக்கு போன் வரும். நான் எழுந்து போய் அச்செடுத்து ஆள் மூலம் அனுப்புவேன். சில நாள் மதியம் கேட்டது மறுநாள் காலையில் போகும். அதில் யாருக்கும் வெட்கம் இருந்ததாகத் தெரியவில்லை, எனக்கும் இல்லை.

சர்வரைப் பார்த்துக்கொள்வது மேடத்தின் வேலை. சாந்தோம்காரர், வீட்டில் பாதிப் பேர் பள்ளி ஆசிரியர்கள். கரும்பலகையில் எழுதுகிற மாதிரி நிதானமாகப் பேசுவார். சர்வரில் இருப்பதை நகலெடுக்க இரண்டு டிஸ்க் வைத்திருந்தார். ஒன்று லேபில் இருந்தால் மற்றது அவர் வீட்டில் இருக்கும், தினமும் மாற்றி மாற்றி. சாயங்காலம் பாக்ஸைக் கைப்பையில் வைத்துக்கொண்டு கச்சேரி சாலை வழியாக நடந்தே போவார். "இன்னா மேடம், இன்னிக்கு டிஸ்க் சாதமா, டிஸ்க் பொரியலா?" என்று நான் தினமும் கேட்பேன். "உங்களுக்கு ஊட்டிவிடணுமா சார்?" என்பார். அவர் சிரித்து நான் பார்த்ததில்லை.

அவர் ஒரு காகிதம் எழுதி டாக்டரிடம் கொடுத்திருந்தார். டாக்டர் என்றால் லேபின் முதலாளி. எல்லா ரிப்போர்ட்டையும் கிளவுடுக்கு மாற்றிவிடலாம், அதாவது வேறு ஊரில் பாதுகாப்பான கட்டடத்தில் இருக்கும் கணினிகளில் வாடகைக்கு இடம் எடுத்து வைக்கலாம், இணையம் உள்ள எந்தக் கிளையிலிருந்தும் பார்க்கலாம், இங்கே ஒன்று கெட்டாலும் அங்கே நகல் இருக்கும் என்று இரண்டு பக்கம். டாக்டர் படித்துவிட்டு, "நம்ம டேட்டா நம்மாத்துல இருக்கணும். அடுத்தவா ஆத்துல கொண்டுபோய் எதுக்கு வைக்கணும்?" என்றார். அந்தக் காகிதம் அவர் மேஜைக் கண்ணாடிக்கு அடியில் இரண்டு மழைக்காலம் கிடந்தது.

மழைக்காலம் என்று சும்மா சொல்லவில்லை. எங்கள் தெருவில் ஒவ்வொரு முறை சாலை போடும்போதும் பழையதைச் சுரண்டாமல் அதன் மேலேயே போட்டார்கள். தெரு ஏறியது, கட்டடம் பள்ளமானது. அந்தப் பள்ளத்தில்தான் சர்வர் அறை. அதனால் மேடம் சர்வரை இடுப்பு உயர இரும்பு ஸ்டாண்டில் வைத்திருந்தார். வருஷத்தில் ஒரே ஒரு நாள்தான் அது கீழே இறங்கும். ஆயுத பூஜை.

அன்று சர்வரை அணைத்து, கீழே இறக்கி, மணையில் வைத்துச் சந்தனம் குங்குமம் இடுவோம். மைக்ரோஸ்கோப், ரத்தம் சுழற்றும் மெஷின், ஸ்டேப்ளர்கூட வாழை இலைக்கு வந்துவிடும். அந்த வருஷம் டாக்டர் மேடத்திடம், வீட்டில் இருக்கும் டிஸ்க்கையும் கொண்டுவரச் சொன்னார். "அதுவும் உழைக்கிறதோன்னோ? அதுக்கும் ஒரு பொட்டு வைப்போம்." மேடம் மறுக்காமல் கொண்டுவந்து, துண்டைப் பிரித்து, இரண்டு டிஸ்க்கையும் அருகருகே இலையில் வைத்தார். வேறு மதத்துக்காரர், எங்கள் பூஜையில் ஏதாவது சொன்னால் தப்பாகிவிடும் என்று யோசித்திருப்பார். மாலை தொடுத்ததே அவர்தான்.

சாயங்காலம் எல்லாரும் சுண்டல் பொட்டலத்தோடு கிளம்பினோம். வானம் கறுத்திருந்தது. மேடம் மட்டும் திரும்பி வந்து, "சார், ஒரு டிஸ்க்கை மட்டும் எடுத்துக்கட்டுமா?" என்று என்னிடம் கேட்டார். அறைச் சாவி என் கையில் இருந்தது. நான் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "பூஜைக்கு வச்சதை மறுநாள் புனர்பூஜை முடியாம எடுக்கக் கூடாது மேடம். உங்களுக்குத் தெரியாது." கடைசி இரண்டு வார்த்தைகள் தேவையே இல்லை. அவர் காலி பாக்ஸைப் பார்த்தார். அதை என் மேஜை மேல் வைத்துவிட்டு, வெறும் கைப்பையோடு போனார்.

காலையில் பெருக்கும் அம்மா தெருமுனையிலேயே என்னைப் பிடித்துக்கொண்டாள். "நைனா, ரூமு பூரா தண்ணி கீது. வாழை எலை மெதந்துக்கினு கீது." சர்வர் பாதி உயரத்துக்கு மூழ்கியிருந்தது. டிஸ்க் இரண்டும் இலையோடு நகர்ந்து மூலையில் கவிழ்ந்து கிடந்தன.

பல வருஷத்து ரிப்போர்ட் போனது. பழுது பார்ப்பவர் கொஞ்சம் மீட்டுக் கொடுத்தார், மீதி வரவில்லை. காகிதம் வைத்திருந்தவர்கள் தப்பித்தார்கள். மந்தைவெளியிலிருந்து வரும் ஒருவருக்குச் சிறுநீரகம் கெட்டுக்கொண்டிருந்தது. போன வருஷத்து அளவு தெரிந்தால்தான் எவ்வளவு வேகமாகக் கெடுகிறது என்று சொல்ல முடியும் என்று அவருடைய மருத்துவர் கேட்டு அனுப்பியிருந்தார். அந்த நோயாளி என் மேஜைக்கு முன்னால் நின்று, "உங்ககிட்டதானே கொடுத்து வச்சேன்" என்றார். கத்தவில்லை. கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன்.

டாக்டர் எல்லாரையும் கூப்பிட்டார். "டிஸ்க்கை யார் இங்கேயே விட்டுட்டுப் போனது?" மேடம், "நான்தான் சார்" என்றார். அவர் என் பெயரைச் சொல்வார் என்று நான் காத்திருந்தேன். சொல்லவில்லை. நான் டைல்ஸைப் பார்த்துக்கொண்டு நின்றேன். டைல்ஸ் ஈரமாக இருந்தது, அதையும் நான்தான் துடைத்திருந்தேன்.

அதற்குப் பிறகுதான் கண்ணாடிக்கு அடியிலிருந்து காகிதம் வெளியே வந்தது. மாற்றும் வேலையை மேடத்தையே செய்யச் சொன்னார்கள். ஒரேயடியாக மாற்றவில்லை. முதலில் ரிப்போர்ட், பிறகு நோயாளிகளின் முன்பதிவு, கடைசியில் பில். ஒரு மாதம் பழையதும் புதியதும் சேர்ந்தே ஓடின. அதுவரை லேப் முழுவதும் ஒரே பாஸ்வேர்டு, அது டாக்டர் மகளின் பெயர் என்பது டீக்கடைக்கும் தெரியும். மேடம் ஆளுக்கொரு பாஸ்வேர்டு கொடுத்து, யார் எதைப் பார்க்கலாம் என்று பிரித்தார். இணைய இணைப்பு இரண்டு போட வைத்தார். வாரம் ஒரு முறை ஒரு பொய் ரிப்போர்ட்டை அழித்துவிட்டு நகலிலிருந்து வரவழைத்துப் பார்ப்பார். "திரும்பி வரலைன்னா அது நகல் இல்ல சார், ஆசை" என்பார்.

பலன் இருந்ததா என்றால் இருந்தது. தி. நகரில் கிளை திறந்தபோது சர்வர் வாங்கவில்லை. ஒரு மேஜை, ஒரு கணினி, அவ்வளவுதான். காலையில் கூட்டம் அள்ளும்போது பழைய சர்வர் திணறி நிற்கும், இது நிற்கவில்லை. நோயாளிகள் போனிலேயே ரிப்போர்ட் பார்க்கிறார்கள். அடுத்த பெருமழையில் எங்கள் தெரு மூழ்கி மயிலாப்பூரைப் பூட்டினோம், அடையாறு, தி. நகர் கிளைகள் வழக்கம்போல ஓடின. விற்க வருகிறவர்கள் இதை மந்திரம் மாதிரி பேசுகிறார்கள். மந்திரம் ஒன்றும் இல்லை. மாதா மாதம் பில் வருகிறது. வேறு இடத்தில் ஒரு நகல், அது திரும்பி வருகிறதா என்று பார்க்க ஓர் ஆள். இதைத்தான் மேடம் டிபன் பாக்ஸை வைத்துச் செய்துகொண்டிருந்தார்.

அந்த ஆளைத்தான் வேலையை விட்டு அனுப்பினார்கள். வேலை முடிந்த மாதமே டாக்டர், "இனிமே மெஷினே இல்லையே, மெஷினைப் பார்த்துக்க ஆள் எதுக்கு?" என்றார். வெள்ளத்தில் ரிப்போர்ட் போனதற்கும் மேடம்தான் காரணம் என்ற பேச்சு ஏற்கெனவே இருந்ததால் யாரும் வாய் திறக்கவில்லை. அவர் போய் ஒரு வருஷம் கழித்துப் பார்த்தால், வேலையை விட்டுப் போன மூன்று பேரின் பாஸ்வேர்டு இன்னும் வேலை செய்தது. பார்க்க ஆள் இல்லை. பாக்ஸ் என் மேஜை டிராயரில் கிடந்தது, வீட்டுக்கு எடுத்துப் போனேன். திருப்பிக் கொடுக்கப் போனால் உண்மையையும் சேர்த்துச் சொல்ல வேண்டும் என்பதால் போகவில்லை.

இந்த வருஷம் ஆயுத பூஜையில் புதிதாகச் சேர்ந்த பெண் குங்குமக் கிண்ணத்தோடு நின்று, "கிளவுடுக்கு எங்க சார் பொட்டு வைக்கிறது?" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். டாக்டரும் சிரித்துவிட்டு, வந்திருந்த விருந்தாளியிடம், "நான் அப்பவே சொன்னேன், இதுக்கெல்லாம் கிளவுட்தான் சரின்னு" என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "நீங்க சொல்லல சார். மேடம் சொன்னாங்க. அன்னிக்கு டிஸ்க்கை எடுக்கக் கேட்டாங்க, நான்தான் விடல" என்றேன். டாக்டர் ஒரு பொட்டலத்தை என் பக்கம் தள்ளினார். "அதெல்லாம் இப்போ எதுக்கு? சுண்டல் எடுத்துண்டு போ" என்றார்.

சுண்டலை எடுக்கவில்லை. வீட்டுக்குப் போய் பாக்ஸை எடுத்துக்கொண்டு சாந்தோம் போனேன். மேடம் இப்போது வீட்டிலிருந்தே நான்கு கிளினிக்குகளின் கிளவுடைப் பார்த்துக்கொள்கிறார். கதவைத் திறந்தவரிடம் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன், டாக்டரிடம் சொன்னதையும். குறுக்கிடாமல் கேட்டார். பாக்ஸை வாங்கி, சிலுவைக் கீறலைக் கட்டைவிரலால் தடவி, திறந்து பார்த்தார்.

"துண்டு எங்க சார்?"

"தண்ணி வந்த அன்னிக்குக் காலைல தரை துடைக்க எடுத்தேன் மேடம். அப்புறம் தூக்கிப் போட்டுட்டாங்க."

"அதையாவது செஞ்சீங்களே" என்று சொல்லி மூடியை அழுத்தி மூடினார்.