நுனி கருகிய லில்லிகள்

கடலோர ஊரான எத்தாளையில் எங்கள் கிணற்றடியில் நான் நட்டிருந்த லில்லிகளின் இலைகள் நுனியிலிருந்து கருகத் தொடங்கின. யுத்தம் முடிந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. தொண்ணூறாம் ஆண்டில் மற்ற முஸ்லிம்களோடு மன்னாரிலிருந்து துரத்தப்பட்டு, முகாம் முகாமாக அலைந்த நாங்கள், கடைசியில் இந்தக் காணியை வாங்கியதே கிணற்றுக்காகத்தான். அன்றைக்கு ஒரு வாய் குடித்துவிட்டு, "இளநி மாதிரி இருக்கு. இனி எங்கயும் போகத் தேவல்ல" என்றார் என் கணவர். அந்தச் சந்தோசத்தில் நட்டவைதான் லில்லிகள்.

முதலில் பக்கத்து வீட்டு ஆட்டின்மேல்தான் சந்தேகப்பட்டேன். ஆடு கடித்தால் இலை கிழிந்திருக்க வேண்டும், கிழியவில்லை. புழுவோ என்று ஒவ்வோர் இலையாகப் புரட்டினேன். ஓர் ஓட்டைகூட இல்லை. பூஞ்சணம் என்றால் வட்ட வட்டமாகப் புள்ளி விழும். இதுவோ நுனியில் பழுப்பாகி, இரண்டு ஓரங்களாலும் கீழே இறங்கி வந்துகொண்டிருந்தது. கண்ணூறு என்றாள் பக்கத்து வீட்டுக்காரி. ஆட்டைக் குற்றம் சொன்னதற்குப் பழிவாங்குகிறாள் என்று நினைத்தேன்.

வெயில்தான் என்று முடிவுகட்டி, காலையிலும் பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகும் வாளி வாளியாக ஊற்றினேன். ஊற்ற ஊற்றக் கருகல் கூடியது. சுற்றியிருந்த வெங்காயத் தோட்டங்களில் தண்ணீர் இறைக்கும் மோட்டர்கள் இரைந்துகொண்டே இருந்தன. காரணம் தெரியாமலே பயப்படத் தொடங்கினேன்.

அந்தக் கிழமை கொழும்பிலிருந்து தங்கச்சி வந்தாள். ஒரு மிடறு தேத்தண்ணீர் குடித்தவள் கோப்பையைக் கீழே வைத்துவிட்டாள்.

"என்ன ராத்தா, சீனிக்குப் பதிலா உப்பப் போட்டுட்டீங்களா?"

"உனக்கு இப்ப கொழும்பு நாக்கு" என்று பாய்ந்தேன். பாய்ந்துவிட்டு நானும் குடித்துப் பார்த்தேன். எனக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை.

குசினிக்குப் போய் உப்புப் போத்தலைத் திறந்தேன். உப்பு கல்லாக இறுகிக் கிடந்தது, கரண்டி இறங்கவில்லை. சோற்றுக்குக் கடைசியாக எப்போது உப்புப் போட்டேன்? எவ்வளவு யோசித்தும் ஞாபகம் வரவில்லை. உப்பில்லாப் பண்டம் குப்பையிலே என்பார்கள். எங்கள் வீட்டில் உப்பே போடாத சோற்றை எல்லோரும் ருசித்துத் தின்றிருக்கிறோம். என் கை தானாகவே குறைத்துக் குறைத்து, கடைசியில் நிறுத்தியும் விட்டிருக்கிறது.

வெளியே ஓடினேன். கணவர் லில்லிகளுக்கு ஊற்ற வாளியைத் தூக்கிக்கொண்டிருந்தார்.

"ஊத்தாதீங்க! இந்தத் தண்ணிதான் கருக்குது. கிணறு உப்பாகிட்டு. மோட்டர் போட்டு இறைச்சு இறைச்சு கடல் தண்ணி உள்ள வந்திட்டு."

அவர் வாளியை இறக்கி வைத்தார். இலைகளைப் பார்த்தார். கிணற்றுக்குள் எட்டிப் பார்த்தார்.

"அப்ப, இனி நாம எங்க போற?" என்று கேட்டார்.