ஐஸ் டோக்கனும் குளத்தூர் அரிசி ஆலையும்

புரோகிராமர் என்றால் நாள் முழுக்கப் புதிதாக எழுதித் தள்ளுபவள் என்று வீட்டில் நினைக்கிறார்கள். அடுத்தவர் எழுதியதில் ஒரு பெயர் எங்கே ஒளிந்திருக்கிறது என்று தேடுவதுதான் தொழில் என்பது, இதே பிழைப்பில் மாட்டிக்கொண்ட உங்களுக்குத் தெரியும்.

உருட்டும் சீனியர்

புதுக்கோட்டையில் எங்கள் அலுவலகம் சின்னது. சீனியர் குமரேசன் அண்ணன் எதைத் தேடினாலும் ஃபைலை மேலிருந்து கீழ்வரை மவுஸால் உருட்டுவார். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் எனக்குத் தலை சுற்றும். பொறுக்க முடியாமல், புரோகிராம் எழுதும் எடிட்டரில் டேக்ஸ் போட்டேன்; வரி இல்லை, அடையாளக் குறிப்பு. புரோகிராமின் துண்டுகளான ஃபங்ஷன்களில் எது எங்கே இருக்கிறது என்று குறித்துவைக்கும் ஃபைல் அது. பெயர்மேல் கர்சரை வைத்து இரண்டு பட்டனை அழுத்தினால் அந்த வரிக்கே தாவிவிடும். பெருமையாகச் செய்து காட்டினேன்.

அண்ணன் சொன்னார்: "நல்லாத்தாம்மா இருக்கு. ஆனா உருட்டுனாத்தான் வேலை பாத்த மாதிரி இருக்கு."

திருத்தம் போன ஊர்

புது வாடிக்கையாளர் வந்தால், பழையவரின் ஃபோல்டரை அப்படியே காப்பி எடுத்துப் பெயரை மாற்றுவது அண்ணனின் வழக்கம். குளத்தூர் அரிசி ஆலையின் டோக்கன் புரோகிராம்தான் ஜெகதாப்பட்டினம் ஐஸ் பிளான்ட்டுக்கும் போயிருந்தது.

ஒரு மத்தியானம் ஐஸ் பிளான்ட் மேனேஜர் ஆரோக்கியம் போனில் கத்தினார். விடிந்தால் படகுகள் கடலுக்குப் போக வேண்டும், டோக்கன் வரவில்லை. டோக்கன் இல்லாமல் ஐஸ் ஏற்றினால் யார் முதலில் என்று அடிதடி, ஐஸ் இல்லாமல் போனால் பிடித்த மீனெல்லாம் நாறிவிடும். டோக்கன் போடுபவர்கள் படகு நம்பரைக் காலியாக விட்டதுதான் கோளாறு. ஃபங்ஷனுக்குத் தாவி, நம்பரைக் கட்டாயமாக்கி, அனுப்பினேன். "வரலைம்மா" என்றார். மறுபடி அனுப்பினேன். மறுபடியும் வரவில்லை. எரிச்சலில் கீபோர்டைக் குத்திக்கொண்டிருந்தபோது வேறொரு போன். குளத்தூர் ஆலைக்காரர்.

"ஏம்மா, எங்க மில்லு டோக்கன்ல படகு நம்பர் கேக்குதே, படகுக்கு நாங்க எங்கிட்டுப் போறது?"

உருகியது

அப்போதுதான் உறைத்தது. இரண்டு ஃபோல்டருக்கும் சேர்த்து ஒரே டேக்ஸ் போட்டிருந்தேன். பெயர் ஒன்றாக இருந்தால் அது முதலில் உள்ளதற்கே தாவும். முதலில் இருந்தது குளத்தூர்; அதில் செய்த திருத்தம் தானாக அந்த ஊருக்கே போய்விட்டது. குளத்தூரைப் பழையபடி மாற்றி, ஜெகதாப்பட்டினத்தைத் தேடிப் பிடித்துத் திருத்தி அனுப்புவதற்குள் பொழுது சாய்ந்துவிட்டது. "இப்ப வருதா சார்?" என்று பயந்துகொண்டே கேட்டேன்.

"டோக்கன் வருதும்மா. வெளிய எடுத்து வச்ச ஐஸுதான் பாதி தண்ணியாப் போச்சு. அதுக்கும் டோக்கன் போடுமா ஒங்க கம்ப்யூட்டரு?"

வேலை மிச்சம்

அந்த வாரமே ஊருக்கு ஒரு டேக்ஸ் ஃபைல் என்று தனித்தனியாகப் பிரித்து வைத்தேன். இனி இந்தப் பாடு இல்லை என்று நிம்மதியாக மூச்சு விட்டேன். அடுத்து குடுமியான்மலைப் பக்கமிருந்து ஒரு பால் பண்ணைக்காரர் வந்தார். அவருக்கான ஃபோல்டரைத் திறந்து ஒரு பெயர்மேல் கர்சரை வைத்துத் தாவினால், ஜெகதாப்பட்டினத்தில் போய் நிற்கிறது! அண்ணன் சிரித்தார்.

"ஐஸ் பிளான்ட்டு ஃபோல்டர மொத்தமாக் காப்பி பண்ணிட்டேன்மா, நீ போட்ட டேக்ஸையும் சேத்துத்தான். ஒனக்கு வேலை மிச்சம்ல?"

ஆக, ஒரே தாவலில் எங்கே வேண்டுமானாலும் போய்விடலாம் நண்பர்களே. போய்ச் சேர்ந்தது எந்த ஊர் என்பதை மட்டும் அந்த ஊர்க்காரர் போன் போட்டுத் திட்டும்போது தெரிந்துகொள்ள வேண்டியதுதான்.