ஆட்சேபணை எதுவும் வரவில்லை

பாடியில் மோட்டார் உதிரிபாகம் செய்யும் தொழிற்சாலை ஒன்றில், பேக்கிங் பிரிவில் வேலை பார்த்தேன். எங்கள் ஷெட்டுக்குப் பின்னாலேயே குழந்தைகள் காப்பக அறை இருந்தது. என் பக்கத்து மேஜைத் தோழி முத்தாபுதுப்பேட்டையிலிருந்து ஏழு மாதக் கைக்குழந்தையோடு பஸ்ஸில் வந்து, அதை அங்கேதான் விடுவாள். பால் கொடுக்கப் போனால் கால் மணி நேரத்தில் திரும்பிவிடுவாள்.

ஒருநாள் சங்கச் செயலாளர் அரசிதழின் நகலைக் கொண்டுவந்தார். காப்பகம் தொழிற்சாலைக்குள் இருக்க வேண்டியதில்லை, பல தொழிற்சாலைகளுக்குப் பொதுவாக ஒரு கிலோமீட்டருக்குள் இருந்தால் போதும் என்று ஒரு வரைவு விதி. சட்டத்தில் காப்பகம் வேண்டும் என்று மட்டும்தான் இருக்கிறதாம். எங்கே, எப்படி என்பதைத் தொழிலாளர் துறையே விதியாக எழுதிக்கொள்ளலாமாம். எங்கள் நிர்வாகம் மேம்பாலத்துக்கு அந்தப் பக்கம் இடம்கூடப் பார்த்துவிட்டதாகப் பேச்சு. ஆட்சேபணை சொல்ல முப்பது நாள் அவகாசம். அதில் இருபத்தாறு நாள் ஏற்கெனவே போய்விட்டது. கைக்குழந்தைக்காரி எவள் அரசிதழ் படிக்கிறாள்?

"கொயந்தைய மேம்பாலத்துக்கு அந்தாண்ட உட்டுட்டு, லாரிங்க நடுவுல ஓடிப்போயி பால் குடுக்கணுமா? இத்த எய்துனவன் எவன்க்கா?" என்று தோழி கத்தினாள்.

நான்கு பக்கம் மனு எழுதினோம். எழுபது பெண்கள் கையெழுத்துப் போட்டார்கள். கடைசி நாளன்று நானும் அவளும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு துறை அலுவலகத்துக்குப் போய்க் கொடுத்தோம். தபால் பிரிவில் மனு இருந்த உறையை வாங்கிக்கொண்டு, எங்கள் கையிலிருந்த நகலில் முத்திரை குத்தித் தந்தார்கள்.

இரண்டு மாதம் கழித்து இறுதி விதி வந்தது. ஓர் எழுத்துகூட மாறவில்லை. முதல் பத்தியிலேயே, ஆட்சேபணை எதுவும் பெறப்படவில்லை என்று அச்சடித்திருந்தது. எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. படித்துவிட்டு நிராகரித்தோம் என்றிருந்தால்கூட அவ்வளவு கோபம் வந்திருக்காது.

முத்திரை குத்திய நகலோடு மறுபடி போனேன். அதிகாரி நிமிர்ந்து பார்க்கவில்லை.

"சட்டத்தையா மாத்திட்டோம்? வெறும் விதிதானேம்மா."

"அந்த வெறும் விதியாலதான் சார் என்கூட வேலை பாக்குறவ பச்சைக் குழந்தைய விட்டுட்டு நிக்கப்போறா. எழுபது பேர் கையெழுத்து எங்க போச்சு?"

"அடுத்த ஆளு வாங்க," என்றார்.

காப்பகம் மேம்பாலத்துக்கு அந்தப் பக்கம் போனது. தோழி மூன்று வாரம் ஓடிப் பார்த்தாள். ஒரு மதியம் திரும்பி வர முக்கால் மணி நேரம் ஆகிவிட்டது. சூப்பர்வைசர் எல்லார் முன்னாலும் திட்டினார். மறுநாளிலிருந்து அவள் வரவில்லை.

இப்படிப் போடும் விதிகளைச் சட்டசபையில் வைக்க வேண்டும், அவற்றை ஆராய உறுப்பினர்கள் குழு ஒன்றும் உண்டு என்று சங்கச் செயலாளர் சொன்னார். அந்தக் குழுவுக்கு எழுதினேன். பதில் இல்லை. மறுபடி எழுதினேன். மூன்றாவது கடிதத்துக்குப் பிறகு, குழு அந்தக் கோப்பைக் கேட்டு வாங்கியது. எங்கள் மனு அதற்குள்ளேயே, உறை பிரிக்கப்படாமல் இருந்தது.

துறை விதியைத் திரும்பப் பெற்றது. காப்பகம் பழைய அறைக்கே வந்தது. யார் மீதும் நடவடிக்கை இல்லை.

செய்தி சொல்ல முத்தாபுதுப்பேட்டைக்குப் போனேன். குழந்தை சுவரைப் பிடித்து நடந்துகொண்டிருந்தது.

"இப்ப வந்து இன்னா பண்றதுக்கா? என் எடத்துல வேற ஆளு கீது," என்றாள்.

மறுநாள் வெற்றி என்று சங்கத்தில் இனிப்பு கொடுத்தார்கள். நான் வாங்கவில்லை.