ஏழாவது பாட்டு நிற்கும் இடம்

புரட்டாசி ஒன்பது, வியாழக்கிழமை, காலை பத்தே முக்கால். வானம் மூடிக்கிடந்தது, தூறல் இல்லை. மேற்கே கல்வராயன் மலை இருக்க வேண்டிய இடத்தில் வெறும் சாம்பல் நிறம். வீணாகக் குடையைத் தூக்கிவந்தோமே என்ற எரிச்சலோடு கள்ளக்குறிச்சி பஸ் நிலையத்துக்கு எதிரே உள்ள செல்போன் கடையில் ஏறினேன். பையில் ஒரு கேசட். நாடா அறுந்து மூன்று வாரம் ஆகியிருந்தது.

"இதுல இருக்கிற பதினாலு பாட்டும் வேணும்மா. இதே வரிசையில."

கடைக்காரப் பெண்ணுக்கு முப்பது வயது இருக்கும். கேசட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். "இத்த இன்னும் வச்சிக்கினு இருக்கீங்களா தாத்தா? அந்தக் காலத்து ஹிட்டு ஆயிரம் பாட்டு ரெடியா இருக்குது. அப்டியே ஏத்தித் தரேன்."

"ஆயிரம் வேண்டாம். பதினாலு."

அந்தப் பதினாலும் நான் எண்ணி எடுத்தவை. முப்பத்து மூன்று வருஷத்துக்கு முன் மூங்கில்துறைப்பட்டு சர்க்கரை ஆலையின் எடைமேடையில் நான் குமாஸ்தா. கரும்பு ஏற்றிய டிராக்டர்கள் வரிசையில் நிற்கும். பாதி வண்டிகளில் பாட்டு ஓடும். எது அதிகம் ஓடுகிறது என்று ஓர் அரவைப் பருவம் முழுக்கக் கோடு போட்டு வைத்தேன். அதிகக் கோடு வாங்கிய பதினாலை ரெக்கார்டிங் கடையில் கொடுத்து, அறுபது நிமிஷக் கேசட்டில் பதியச் சொன்னேன். பக்கத்துக்கு முப்பது நிமிஷம். பாட்டுக்கு நாலு நிமிஷம் என்றால் ஏழு பாட்டு தாராளமாகக் கொள்ளும் என்பது என் கணக்கு. கடைக்காரர், "ஆறு போதும் சார்" என்றார். நான் ஒப்பவில்லை. முதல் பக்கத்தின் ஏழாவது பாட்டு, இரண்டாம் சரணத்தில் பாடகியின் குரல் மேலே ஏறுகிற இடத்தில் தீர்ந்துபோனது. நாடா முடிந்து டேப் ரெக்கார்டரின் பொத்தான் 'டக்'கென்று எழும்பிவிடும். மறுபக்கத்தில் சின்னப் பாட்டுகள், தப்பித்தன.

வீட்டில் அக்காவும் நானும்தான். அவள் கணவனை இழந்து வந்தவள். நான் கல்யாணம் செய்துகொள்ளாதவன். எனக்குக் கை முரடு, கேசட் உடைந்துவிடும் என்பது அவள் முடிவு. ஆகவே சாயந்திரம் கேசட் போடுவதும் திருப்புவதும் அவள் வேலை. அரிசி களையும்போது ஏழாவது பாட்டை முனகுவாள். சரியாக அதே இடத்தில் நிறுத்தி, நாக்கால் 'டக்' என்று சொடுக்குவாள். பஸ்ஸில் அந்தப் பாட்டு வந்தாலும் அப்படித்தான். மீதிப் பாட்டு ஓடும்போது ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருப்பாள்.

"பாட்டு இன்னும் முடியலக்கா."

"நீ வாங்கியாந்தது அவ்ளோதான்டா."

பங்குனியில் அவள் போய்விட்டாள். அதன்பிறகு கேசட்டை நானே போட்டேன். அவள் சொன்னது சரி, அறுத்துவிட்டேன்.

அன்று ஒரு சின்ன ஸ்பீக்கர் பெட்டியும் பென்டிரைவும் வாங்கினேன்; பாட்டு ஏற்றியதையும் சேர்த்து ஆயிரத்து ஐம்பது. சாயந்திரம் போட்டேன். ஏழாவது பாட்டு அந்த இடத்தைத் தாண்டிப் போனது. புல்லாங்குழல் வந்தது, குரல் வந்தது, எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. யாரோ வழி தவறி வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துகொண்டதுபோல் எனக்குப் பட்டது. எழுந்துபோய் அணைத்தேன்.

மறுவாரம் மறுபடி பஸ். ஏழாவதை எங்கே வெட்ட வேண்டும் என்று சொன்னேன்.

"இன்னா தாத்தா, முழுப் பாட்டு கீது. காசு குடுத்து அரப் பாட்டு கேக்கறீங்க?"

பக்கத்தில் டிராக்டருக்குப் பாட்டு ஏற்ற வந்த டிரைவர் சிரித்தான். "பாதிப் பாட்டுக்குப் பாதிக் காசு குடு பெருசு!"

பாதி இல்லை. வெட்டுவதற்கு இருபது ரூபாய் தனி.

அன்று சாயந்திரம் பாட்டு சரியான இடத்தில் நின்றது. நிமிர்ந்து உட்கார்ந்தேன். மூச்சு விடுவதற்குள் எட்டாவது பாட்டின் மேளம் அடித்தது. நடுவில் யாரும் வருவதற்கு இடமே இல்லை. பின்கட்டிலிருந்து அக்காவின் செருப்புச் சத்தம் வர வேண்டும், முந்தானையில் கை துடைக்க வேண்டும், டேப் ரெக்கார்டரின் மூடி திறக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் எட்டாவது.

மூன்றாம் முறை போனபோது கடையில் கூட்டம் இல்லை. இரண்டு டீ சொன்னேன், அவளுக்கு ஒன்று, இருபத்து நாலு ரூபாய். நடுவே சும்மா கொஞ்ச நேரம் விட முடியுமா என்று கேட்டேன். எதற்கு என்றாள். அக்காவைப் பற்றிச் சொன்னேன். இத்தனை மாதத்தில் ஒருவரிடம் சொன்னது அதுதான் முதல் தடவை.

"அந்த டக்குனு சத்தம் வேணும்னா அதயும் போட்டுத் தரவா?"

"அது வேண்டாம்மா."

"சரி, எவ்ளோ நேரம் வுடணும்? சொல்லுங்க, வச்சிடறேன்."

அடுப்பில் உலை கொதித்தால் நேரமாகும்; சில நாள் அக்கா உடனே வந்துவிடுவாள். வண்டி எண்ணினேன், பாட்டு எண்ணினேன், வீட்டுக்கூரையின் ஓடுகளைக்கூட எண்ணியிருக்கிறேன். இதை ஒருநாளும் எண்ணவில்லை.

"ஒரு நிமிஷமா? ரெண்டா?" என்றாள். நான் டீ கிளாஸை மேசையில் தள்ளி வைத்தேன். அவள் கொஞ்சம் யோசித்துவிட்டு, இன்னொரு பென்டிரைவை எடுத்து வைத்தாள். "இதுல ஏழு, அதுல ஏழு. மொத ஏழு முடிஞ்சா தானா நின்னுடும். நீங்களே எழுந்து மாத்திக்கினா ஆச்சி. நேரம் உங்க இஷ்டம்." பென்டிரைவுக்கு முந்நூற்று ஐம்பது. ஏற்றியதற்குக் காசு வேண்டாம் என்றாள்.

இப்போது ஏழாவது பாட்டு நின்றதும் வீடு அப்படியே நின்றுவிடுகிறது. பின்கட்டுப் பக்கம் பார்க்காமல் உட்கார்ந்திருப்பேன். முழங்கால் வலியோடு எழுந்துபோய் மாற்றுகிற நாள் உண்டு. எட்டாவது பாட்டே இல்லாமல் விடிந்துவிடுகிற நாளும் உண்டு. அந்த இடைவெளியை மட்டும் எண்ணுவதில்லை. மற்றது எண்ணியாகிவிட்டது: மூன்று நடை பஸ் கட்டணம் நூற்று எண்பதும் சேர்த்து, ஆயிரத்து அறுநூற்று இருபத்து நாலு ரூபாய்.