காணி அளக்கிறவன்

திரும்ப ஒரு தடவை தொடங்கக் கிடைத்தால் என்ன வேலைக்குப் போவாய் என்று யாராவது கேட்டால், கேட்டவரை முதலில் மேலும் கீழும் பார்ப்பேன். வன்னியில் யாரும் காரணமில்லாமல் கேள்வி கேட்பதில்லை. "சும்மாதான் கேட்டனான்" என்று சொல்பவரிடம் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். இந்தச் சந்தேகக் குணம் பிறப்பில் வந்ததா, தொழிலில் வந்ததா என்று என் மனைவி கேட்பதுண்டு. அதை அவள் ஏன் கேட்கிறாள் என்று யோசித்துக்கொண்டிருப்பேன்.

நான் நில அளவையாளன். சனத்துக்கு சேவையர். மூன்று கால் வைத்த கருவியை வெயிலில் நிறுத்தி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு அடுத்தவர் காணியைப் பார்க்கிற வேலை. கதை அளக்கிறவனுக்குக்கூட எங்கள் பக்கத்தில் கதிரை போட்டுத் தேத்தண்ணி கொடுப்பார்கள். காணி அளக்கிறவன் வந்தால் படலையைச் சாத்துவார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. "அளக்க வந்திட்டாங்கள்" என்றால் இங்கே காணி ஆமிக்கோ அரசாங்கத்துக்கோ போகப் போகிறது என்றுதான் அர்த்தம். அந்தச் சொல் காதில் விழுந்ததும் வீதியில் இறங்கி எங்கள் வாகனத்தை மறித்த ஊர்களும் உண்டு.

ஆகவே என் பதில் தயாராக இருக்கிறது. பேக்கரியில் சுட்ட பாண் விற்கப் போவேன். ஓட்டோவில் பாட்டைப் போட்டால் சனம் தானாகப் படலையைத் திறந்துகொண்டு வரும். யார் அனுப்பியது என்று ஒருவரும் பாண்காரனைக் கேட்பதில்லை.

இந்த ஆசையை நான் வாய்விட்டுச் சொன்னது ஒரேயொருவரிடம்தான்.

போன மாரி மழை முடிந்த கையோடு, மாங்குளத்துக்கும் வவுனியாவுக்கும் இடையில் ஒரு குளத்தடிக் கிராமத்தில் வேலை. மலையகத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து இனக்கலவரத்தில் அடிபட்டு வந்து, காடு வெட்டிக் குடியிருந்த சனம். இத்தனை காலமாகியும் பலருக்குக் காணிக்கு ஒரு துண்டுப் பத்திரம் கிடையாது. அதைக் கொடுப்பதற்காகத்தான் அந்த முறை எங்களை அனுப்பியிருந்தார்கள். கடைசிக் காணியில் ஓர் அம்மா தனியாக இருந்தார். சின்னப் பிள்ளையாக லொறியில் வந்து இறங்கியவராம்.

"யாருக்கு அளக்கிறீங்க?" என்றார்.

"உங்களுக்குத்தான் அம்மா. பெர்மிட் தாறதுக்கு."

அவர் சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை. மூலைக்கு மூலை எல்லைக் கட்டை அடித்துவிட்டு வந்தோம்.

அடுத்த நாள் காலை போனால் ஒரு கட்டையும் இல்லை. பக்கத்துக் காணிக்காரர் வேலியோரம் நின்று பல் துலக்கிக்கொண்டிருந்தார். அந்த மனிதர் ஏன் இவ்வளவு நேரம் பல் துலக்குகிறார்? "மாடு இழுத்திருக்கும் சேர்" என்றார் என்னோடு வந்த வேலையாள். மாடு எப்படி எல்லா மூலையிலும் தேடித்தேடி இழுக்கும்? இவர் ஒழுங்காக அடித்தாரா என்று அவரிலும் எனக்குச் சந்தேகம் வந்தது. அன்று பின்னேரத்துக்குள் முடியாவிட்டால் குழு வேறு மாவட்டத்துக்குப் போய்விடும். பிறகு அந்த அம்மாவின் பத்திரம் எந்த வருடத்துக்கென்று ஒருவராலும் சொல்ல முடியாது. அந்த எரிச்சலோடு அவரைத் தேடிக் குசினிப் பக்கம் போனேன்.

பெயின்ற் கருகும் மணம் வந்தது. அடுப்பில் என் கட்டைகள் எரிந்துகொண்டிருந்தன. சிவப்பு அடித்த தலைகள் மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. மேலே கேத்தில் கொதித்தது.

"என்னம்மா செய்து வச்சிருக்கிறியள்? இது உங்கட காணிக்கு அடிச்ச கட்டை!"

அவர் பதறவில்லை. "கட்டை அடிச்ச எடத்துல எல்லாம் நாங்கதான் எழும்பிப் போனோம் ஐயா. இந்தத் தடவை கட்டை எழும்பட்டும்னு பிடுங்கிட்டேன்."

எனக்குக் கோபம் வந்தது. அதைவிட வெட்கம் வந்தது. ஏன் என்று கேட்டால் தெரியாது. அவர் அந்தத் தேத்தண்ணியை ஒரு கோப்பையில் ஊற்றி என்னிடம் நீட்டினார். வாங்கினேன், குடிக்கத் தயங்கினேன். அவர் அதைக் கவனித்துவிட்டார்.

"வேற வேலை கெடைக்கலயா ஒங்களுக்கு?"

கிண்டலாகக் கேட்கவில்லை, இரக்கப்பட்டுத்தான் கேட்டார். பாண் கதையைச் சொன்னேன். "அவன் நேத்துப் பாணத்தான் இன்னிக்கு விக்கிறான்" என்றார். அந்த ஊரில் பாண்காரனுக்கும் மதிப்பில்லை.

புதுக் கட்டைகளோடு முதல் மூலைக்குப் போனோம். அவர் எங்களுக்கு முன்னால் வந்து, கட்டை அடிக்க வேண்டிய இடத்திலேயே காலை ஊன்றி நின்றுகொண்டார். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. கெஞ்சிப் பார்த்தேன், சட்டம் சொல்லிப் பார்த்தேன். அசையவில்லை.

"ஒங்களுக்குச் சொந்தமாக் காணி இருக்கா?"

"இருக்கு. பூநகரிப் பக்கம்."

"பத்திரம்?"

"அதுவும் இருக்கு. அப்பான்ர காலத்து உறுதிப் பத்திரம்."

"அங்கதான் குடியிருக்கீங்களா?"

இந்த இடத்தில் வழக்கமாக ஓம் என்று சொல்லிவிடுவேன். காணிக்குப் பத்திரம் கொடுக்கப் போகிறவன் தன் சொந்தக் கதையை வெளியில் சொன்னால் தொழில் நடக்காது. அன்று வாயில் பொய் வரவில்லை.

"இல்லையம்மா. அதுக்குள்ள ஆமி முகாம் இருக்கு. நான் கிளிநொச்சியில வாடகை வீட்டில இருக்கிறன்."

"பத்திரம் இருந்துமா?"

"ஓம். பத்திரம் இருந்தும்."

அவர் என் முகத்தையே பார்த்தார். வேலையாள் எங்கோ பார்த்துக்கொண்டு நின்றார். இத்தனை வருடம் என்னோடு வேலை செய்தும் அவருக்கு இது தெரியாது.

பிறகு அந்த அம்மா சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மூலையை விட்டு விலகி நின்றார்.

"அடிங்க ஐயா. ஏமாத்த வந்தவரா இருந்தா இதச் சொல்லியிருக்க மாட்டீங்க."

சுத்தியலை வாங்கி நானே அடித்தேன். இந்தத் தொழிலில் ஒருவர் என்னை நம்பி விலகி நின்றது அன்றுதான். நான் அடிக்கிற கட்டையில் எனக்கே நம்பிக்கை இல்லாமல் போனதும் அன்றுதான்.