பொய்யாகக் கொடுத்த ஜெபக் குறிப்பு

ஆறு வருடங்களாக ஒரே மேசையில் உட்கார்ந்திருந்தேன். ஒரகடத்தில் கார்களுக்கு உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனி. லைனிலிருந்து வரும் பாகங்களை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து, கீறலோ வெடிப்போ இருந்தால் சிவப்புப் பெட்டியில் போடவேண்டும். என்னோடு சேர்ந்தவர்கள் லைன் லீடர் ஆனார்கள். எனக்குப் பின்னால் வந்தவர்கள் நிரந்தரமானார்கள். நான் மட்டும் காண்ட்ராக்டிலேயே கிடந்தேன்.

படப்பையில் ஒரு ஹார்டுவேர் கடையின் மாடியில் எங்கள் சபை கூடும். ஞாயிற்றுக்கிழமை சாட்சி நேரத்தில் யாராவது எழுந்து, கர்த்தர் புரமோஷன் கொடுத்தார், மனை வாங்க வைத்தார் என்பார்கள். முதலில் நானும் கைதட்டினேன். நாள் போகப்போக, இவருக்கு யார் சிபாரிசு செய்திருப்பார்கள் என்று யோசிக்கத் தொடங்கினேன். ஒருநாள் போதகர், பைபிளில் வனாந்தரத்தைக் கடக்காமல் வருடக்கணக்காக ஒரே மலையைச் சுற்றிச் சுற்றி வந்த ஜனங்களைப் பற்றிப் பிரசங்கித்தார். என்னைத்தான் குத்திக்காட்டுகிறார், என் கதையை யாரோ அவரிடம் சொல்லியிருக்கிறார்கள் என்று முடிவு செய்துகொண்டேன். அதற்குப் பிறகு யாரிடமும் எதையும் சொல்வதில்லை.

ஒருவரைத் தவிர. பேக்கிங்கில் வேலை செய்த ஓர் அக்கா. எங்கள் சபைதான், என்னைவிடப் பத்து வயது மூத்தவர். கம்பெனி பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்து, என் கையைப் பிடித்துக்கொண்டு மெதுவான குரலில் ஜெபிப்பார். ஸ்ரீபெரும்புதூரில் வேறொரு கம்பெனிக்கு விண்ணப்பம் போட்டிருந்ததை அவரிடம் மட்டும் சொன்னேன்.

"யார்கிட்டயும் சொல்லிடாதீங்கக்கா."

"நான் எதுக்கு சொல்லப்போறேன்? ஆண்டவர் காதுல மட்டும் போட்டு வெக்கிறேன்."

பத்து நாள் கூட ஆகவில்லை. சூப்பர்வைசர் என் மேசைக்கு வந்தார். "இன்னாம்மா, வேற எடத்துக்குப் போப்போறியாமே? எங்ககிட்ட ஒரு வார்த்த சொல்ல மாட்டியா?" சிரித்துக்கொண்டேதான் கேட்டார். அந்த வேலையும் எனக்குக் கிடைக்கவில்லை.

அக்காவைத் தவிர வேறு யார்? நேரடியாகக் கேட்டால் இல்லை என்பார். அதனால் ஒரு பொறி வைத்தேன். "மார்ல ஒரு கட்டி இருக்குக்கா. தாம்பரத்துல ஸ்கேன் எடுக்கச் சொல்லியிருக்காங்க, மூணு வாரம் கழிச்சு வியாழக்கிழமை. வீட்டுக்காரருக்கே தெரியாது" என்றேன். கட்டியெல்லாம் ஒன்றும் இல்லை. இந்தச் செய்தி கம்பெனியில் யார் வாயிலிருந்தாவது வந்தால் அவர் மாட்டிக்கொள்வார் என்பது கணக்கு.

அக்கா என் கையை இறுக்கிப் பிடித்தார்.

மூன்று வாரம் எல்லோரையும் கவனித்தேன். கேன்டீனில் ஒரு கரண்டி ரசம் கூடுதலாக விழுந்தாலும், பரிமாறுபவருக்குத் தெரிந்துவிட்டதோ என்று பார்ப்பேன். யாரும் எதுவும் கேட்கவில்லை. அதிலும் எனக்கு நிம்மதி வரவில்லை. பொறி என்பதை அக்கா கண்டுபிடித்துவிட்டார், அதனால்தான் வாயை மூடிக்கொண்டிருக்கிறார் என்று நினைத்தேன். மதியம் அவர் கேன்டீன் பக்கமே வருவதில்லை. என்னைத் தவிர்க்கிறார் என்று அதையும் சேர்த்துக்கொண்டேன்.

அந்த வியாழக்கிழமை பொய்யைக் காப்பாற்றுவதற்காக லீவு போட்டேன். வீட்டுக்காரர் வேலைக்குப் போன கொஞ்ச நேரத்தில் கதவு தட்டும் சத்தம். அக்கா நின்றிருந்தார். கையில் பிளாஸ்க், தோளில் பை.

"கெளம்பு. நானும் லீவு போட்டுட்டேன்."

"வேணாங்க்கா, நானே போய்க்கிறேன்."

"எங்க அக்காவும் இப்டித்தான் சொல்லிக்கினு இருந்துச்சு. தனியா போறேன்னுச்சு. அப்பால பயந்துகினு போவவே இல்ல. ஒரு வருஷத்துல எல்லாம் முடிஞ்சிபோச்சு."

இது எனக்குத் தெரியாது. இத்தனை வருடம் பக்கத்தில் உட்கார்ந்து வந்தும் நான் அவரைப் பற்றி ஒன்றும் கேட்டதில்லை. தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

"கட்டி இல்லக்கா. பொய் சொன்னேன். சூப்பர்வைசர்கிட்ட நீங்கதான் சொல்லிட்டீங்கன்னு நெனச்சேன். பாக்கலாம்னு…"

அவர் குனிந்து என் கையைப் பிடித்தார். "எது பொய்யின்னு எனக்கு எப்டித் தெரியும்? அன்னிக்கு சொன்னதா, இப்போ சொல்றதா? டாக்டர் சொல்லட்டும். எழுந்திரு."

எவ்வளவு சொல்லியும் கேட்கவில்லை. ஷேர் ஆட்டோவில் தாம்பரம் போனோம். வழி முழுக்க அவர் உதடு அசைந்துகொண்டே இருந்தது. ஆஸ்பத்திரியில் பெண் டாக்டர் பரிசோதித்துவிட்டு ஒன்றும் இல்லை, பயப்படவேண்டாம் என்றார். வெளியே வந்து அதைச் சொன்னதும், அக்காவின் வாயிலிருந்து முதலில் "ஸ்தோத்திரம்" என்றுதான் வந்தது. பிறகு பெஞ்சில் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டு அழுதார்.

"மூணு வாரமா மத்தியானம் சாப்புடாம உபவாசம் இருந்தேன்டி" என்றார். என்னை அவர் 'டி' போட்டுக் கூப்பிட்டது அதுதான் முதல்முறை. எழுந்து தனியாக பஸ் ஏறிப் போய்விட்டார்.

மறுநாள் சூப்பர்வைசரிடமே கேட்டேன். "நான் வேற வேலைக்குப் போறேன்னு உங்களுக்கு யார் சார் சொன்னது?"

"அந்தக் கம்பெனிலேர்ந்துதான் போன் பண்ணாங்க. ஃபார்ம்ல என் நம்பரத்தான எழுதிக்கீற? நல்ல பொண்ணு, நல்லா வேலை செய்யும்னுதான் சொன்னேன்."

உண்மைதான். விசாரித்துக்கொள்ள யாருடைய நம்பராவது கேட்டிருந்தார்கள். யோசிக்காமல் அவருடையதை எழுதியிருந்தேன். நல்லவிதமாகச் சொன்னேன் என்கிறாரே, அதைத்தான் இன்றுவரை முழுதாக நம்ப முடியவில்லை.

அன்று மாலை வேலை கேட்டு ஜெபிக்க வாய் வரவில்லை. "உங்க மேலயும் எனக்கு சந்தேகம்தான் ஆண்டவரே. நீங்களும் மத்தவங்க பக்கம்னு நெனச்சிட்டு இருக்கேன்" என்றேன். வருடக்கணக்கில் மனப்பாடமாகச் சொல்லிவந்த ஜெபங்களைவிட அது உண்மையாக இருந்தது. பதில் எதுவும் வரவில்லை. ஆனால் மேலும் பேசலாம் போல இருந்தது, பேசினேன்.

ஞாயிறு ஆராதனை முடிந்ததும் அக்கா வீட்டுக்குப் போனேன். மீன் கழுவிக்கொண்டிருந்தவர் நிமிரவில்லை. மன்னிப்புக் கேட்டேன்.

"மன்னிச்சிட்டேன்னு இப்பவே சொன்னா நீ நம்ப மாட்ட. கொஞ்ச நாள் ஆவட்டும்" என்றார்.

ஒரு மாதத்துக்கு மேல் பஸ்ஸில் வேறு சீட்டில் உட்கார்ந்தார். நான் இன்னும் காண்ட்ராக்ட்தான். சாட்சி சொல்ல என்னிடம் எதுவும் இல்லை. ஒரு திங்கட்கிழமை அவராகவே வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.

"முட்டி ரொம்ப வலிக்குது. ஜெபம் பண்ணு. இது நெசம்."

அதுவரை எனக்காக அவர் ஜெபித்திருக்கிறார். நான் அவருக்காக ஒருநாளும் ஜெபித்ததில்லை. தட்டுத்தடுமாறி நாலு வரி சொன்னேன். கம்பெனி வாசலில் அவர் இறங்கி நடப்பதைப் பின்னாலிருந்து உற்றுப் பார்த்தேன். உண்மையாகவே நொண்டினார். அப்படிப் பார்த்ததற்காக எனக்கு வெட்கமாக இருந்தது. ஓடிப்போய் அவர் பையை வாங்கிக்கொண்டேன்.